லேசர் யார் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆசிய முகங்களுக்கு ஏற்ற அழகு சிகிச்சைகள் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு விளம்பரம். கட்டுரையில் இருந்ததும் கொரியப் பெண்ணின் படம், விளம்பரத்தில் இருந்ததும் கொரியப் பெண்ணின் படம். எது செய்தி, எது விளம்பரம் என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. காவேரிப்பட்டணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தி வருகிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு இதுவரை பல பெண்கள் என் கடைக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். லேசர் பற்றிய பகுதியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சியோல் நகரத்துப் பெண்ணும் இராயக்கோட்டையில் தக்காளி பறிக்கும் பெண்ணும் ஒரே கண்டத்தில் பிறந்தவர்கள் என்பது பூகோளப் பாடத்துக்குச் சரி. தோலுக்குச் சரியல்ல. தோல் மருத்துவர்கள் மனிதத் தோலை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். 1975ஆம் ஆண்டு ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த அளவுகோல் அது. வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதுதான் அடிப்படை. கொரியர்களும் ஜப்பானியர்களும் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் வகை. நம் பக்கத்தில் நான்கும் ஐந்தும் அதிகம், ஆறும் உண்டு. அந்த அளவுகோல் தொடங்கியபோது வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைகள்தான் இருந்தன. ஐந்தும் ஆறும் பிறகு சேர்த்தவை. அழகு சிகிச்சை உலகத்தில் இன்றைக்கும் நாம் பின்னிணைப்பாகத்தான் இருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு. காயம் ஆறிவிடும், கறை ஆறாது. பருவைக் கிள்ளினாலும், வேக்சிங் மெழுகில் சூடு கொஞ்சம் கூடினாலும், பிளீச்சை அதிக நேரம் விட்டுவிட்டாலும் வெள்ளைத் தோல் சிவந்து அடங்கிவிடும். நமக்கோ அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே எந்தச் சிகிச்சையானாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு பளபளப்பு வரும்' என்பதை அல்ல. 'இது தோலை எரிக்குமா, எரித்தால் என்ன ஆகும்' என்பதைத்தான். உங்கள் கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை.

இனி லேசருக்கு வருகிறேன். என் அக்கா மகள் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரே விளம்பரம் வந்திருக்கிறது: மேலுதட்டு முடி நிரந்தர நீக்கம், பாதி விலை. பொங்கலுக்கு வந்த போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண். டாக்டர் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள், அவரும் மறுக்கவில்லை. காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா, அது நடக்கவில்லை. அன்று இரவே கொப்பளம். தோல் உரிந்த பிறகு மேலுதட்டின் மேல் ஒரு கருப்புப் பட்டை. முடியை எடுக்கப் போனவளுக்கு முடி இல்லாமலே மீசை வந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "உங்கள் தோல் மிகவும் சென்சிட்டிவ், மேடம்" என்று பதில் சொன்னார்களாம். குற்றவாளி தோல்தான்!

அடுத்த வாரம் நானே அவளுடன் போனேன். "இது என்ன லேசர்?" என்று கேட்டேன். "ஜெர்மன் மெஷின்" என்றார்கள். "அலைநீளம் எவ்வளவு?" என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போனார், வந்தார், மேலாளர் மதியம் வருவார் என்றார். மேலாளர் மதியமும் வரவில்லை.

அலைநீளத்தை நான் வம்புக்குக் கேட்கவில்லை. முடி வேரில் இருக்கும் கருப்பு நிறமியான மெலனின் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர் அழிகிறது. வேலை அவ்வளவுதான். ஆனால் அதே நிறமி நம் மேல்தோலிலும் நிறைய இருக்கிறது. கருப்புத் துணி வெயிலில் சீக்கிரம் சூடேறுவதுபோல, வேருக்குப் போக வேண்டிய சூட்டை மேல்தோலே வாங்கிக்கொள்கிறது. அலெக்ஸாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். அதை மேல்தோல் நிறமி அதிகம் உறிஞ்சும். வெளுத்த தோலுக்கு அது நல்ல கருவி, நமக்கு ஆபத்து அதிகம். டயோடு லேசர் 810 அளவில் வேலை செய்கிறது. நல்ல குளிரூட்டும் வசதியோடு, அளவு தெரிந்தவர் பிடித்தால் அதை நமக்கும் பயன்படுத்தலாம். என்டி-யாக் எனப்படும் லேசர் 1064 நானோமீட்டர். மேல்தோல் அதைக் குறைவாகவே உறிஞ்சும், ஆழத்துக்கும் போகும். கருத்த தோலுக்குப் பாதுகாப்பு என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஐ.பி.எல். என்று ஒன்று இருக்கிறது, அது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. எங்கள் நிறத்துக்காரர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே மேல் என்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது, விளம்பரங்களில் யாரும் சொல்வதில்லை. தெற்காசியப் பெண்களில் சிலருக்கு முகத்தில் லேசர் வைத்தால், வைத்த இடத்தைச் சுற்றித் தாடையிலும் கழுத்திலும் இருக்கும் பூனைமுடி தடித்துக் கருப்பாக வளரத் தொடங்கும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். தாடையில் திடீரென்று முடி வளர்கிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்று ஒரு பெண் சொன்னால் முதலில் ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நான் அப்படி அனுப்பியவர்களில் சிலர், "அக்கா, நீங்கள் சம்பாதிக்கத் தெரியாதவர்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். போகட்டும். என் கடையில் திரெடிங் நூல்தான். நூலுக்கு அலைநீளம் கிடையாது.

அடுத்தது களிம்புகள். காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை என்று எந்த ஊர்ப் பெண்ணானாலும் கன்னத்தில் மங்கு விழுந்தால் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். மருந்துச்சீட்டு இல்லாமலே ஒரு ட்யூப் கிடைக்கும். என் தம்பி மருந்துக்கடை வைத்திருப்பதால் அதன் உள்ளடக்கத்தைப் படித்துப் பழகியிருக்கிறேன். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், மேல்தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின், இரண்டோடும் ஒரு ஸ்டீராய்டு. இந்தக் கூட்டணி நேற்று முளைத்ததல்ல; கிளிக்மன், வில்லிஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1975ல் எழுதிய கலவையின் வழிவந்தது. மருத்துவர் பார்த்துச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுத்தால் மங்குக்கு அது நல்ல மருந்து. ஆனால் நம் பெண்கள் அதைப் பவுடர் போடுவதற்கு முன்னால் தினமும் பூசும் கிரீமாக வருடக்கணக்கில் பூசுகிறார்கள். முதல் மாதம் முகம் வெளுக்கும், ஊரே கேட்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், பரு வரும், கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது. அதனால் மறுபடி அதையே பூசுவார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ல் விதியை இறுக்கியது. விதி டெல்லியில் இருக்கிறது, ட்யூப் இங்கே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் தம்பி கொடுக்க மாட்டான், எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

(அதே 1975ல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி'யும் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. 2020ல் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் இன்னும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பங்குனி, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் என் கடைக்கு வரும் தாய்மார்களின் முதல் வாக்கியம் எது என்று நான் எழுத வேண்டியதில்லை.)

ட்யூப்பையாவது படித்துப் பார்க்கலாம். என் கடைக்கு விற்பனைப் பையன்கள் கொண்டுவரும் புட்டிகளில் படிக்கவே ஒன்றும் இருக்காது. 'பார்லர் ஸ்பெஷல் நைட் கிரீம்', 'பிரைடல் வைட்' என்று ஒரு ஸ்டிக்கர். தயாரித்தவர் பெயர், உரிம எண், உள்ளடக்கம், காலாவதி நாள் எதுவும் கிடையாது. ஏழு நாளில் வித்தியாசம் தெரியும் என்பார்கள். அவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைக்கும் பொருள்கள் எனக்குத் தெரிந்து மூன்றுதான்: ஸ்டீராய்டு, கூடுதல் அளவில் ஹைட்ரோகுவினோன், பாதரசம். பாதரசம் சேர்த்து அழகுப் பொருள் தயாரிக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் சொல்கின்றன. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கைப்படி உலகமே அதே ஆண்டுக்குள் அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் 2023ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் என்ன நடந்தது? சிறுநீரில் புரதம் வெளியேறி, உடம்பு வீங்கி மருத்துவமனைக்கு வந்தவர்களை விசாரித்தபோது பலரும் வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் இறங்கியிருக்கிறது. மலப்புரத்துக்கு வரும் புட்டி கிருஷ்ணகிரிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? பெங்களூரு, சேலம், சென்னை நெடுஞ்சாலைகள் எல்லாம் நம் ஊரைத் தொட்டுத்தான் போகின்றன.

தோலை வெளுக்க வைக்கப் போடும் குளூட்டாதையோன் ஊசியைப் பற்றி உங்கள் கட்டுரை 'ஆசியாவெங்கும் புகழ்பெற்றது' என்று எழுதியிருக்கிறது. ஆசிய நாடான பிலிப்பைன்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே வெளுப்பதற்காக அந்த ஊசியைப் போடுவதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பையும் கடும் தோல் ஒவ்வாமையையும் காரணமாகச் சொல்லியிருக்கிறது. இந்தியாவிலும் தோலை வெளுக்க வைக்க அந்த ஊசிக்கு அனுமதி இல்லை. புகழ் இருக்கிறது என்று எழுதிய கை, இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கழுத்துக் கருமைக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் இதுதான் நல்ல வியாபாரம். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கும் அல்ல, வெயிலும் அல்ல. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். தேய்த்தால் போகாது. தேய்த்தால் இன்னும் கறுக்கும். அப்படி வருகிறவர்களிடம் சர்க்கரை பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். அதை விட்டுவிட்டு 'நெக் டீடேன்' என்று பணம் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சக தொழில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

மங்குக்கு நான் சொல்லும் ஒரே கடைப்பொருள் சன்ஸ்கிரீன். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு சேர்ந்த வகைகளைப் பூசினால் நம் முகம் விபூதி பூசியதுபோல் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் வகை இருக்கிறது. அது முகத்தோடு ஒத்துப்போவதோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது. கருத்த தோலில் மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. விலை அதிகம் என்பது உண்மை. மாங்கொல்லையிலும் பூந்தோட்டத்திலும் வேலை செய்யும் பெண்ணிடம் அதை வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களிடம் தலைத்துண்டைக் கன்னம் மறையும்படி இழுத்துக் கட்டச் சொல்கிறேன், அது வேலை செய்கிறது.

முடி விஷயத்தில் சுருக்கமாக முடிக்கிறேன். கொரியப் பெண்ணின் முடி தடிமனானது, நேரானது. நம் முடி அவ்வளவு தடிமனில்லை, பலருக்கு அலையாகவோ சுருளாகவோ இருக்கும். அவளுடைய முடியைப்போல ஆக்குவதற்குத்தான் கெரட்டின் சிகிச்சை என்று வரிசையில் நிற்கிறார்கள். பல கலவைகளைச் சூடாக்கினால் ஃபார்மால்டிஹைடு ஆவி வரும்; புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். வாடிக்கையாளர் அதை ஒரு நாள் சுவாசிக்கிறார், ஏசி அறையைப் பூட்டிக்கொண்டு வேலை செய்யும் பதினெட்டு, இருபது வயதுப் பெண் பிள்ளைகள் தினமும் சுவாசிக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்த இணைப்பிதழும் எழுதிப் பார்த்ததில்லை. 'ஃபார்மலின்' (ஃபார்மால்டிஹைடு கரைசல்) இல்லாதது என்று விற்பவற்றில் பலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைப் பற்றி பிரான்ஸ் மருத்துவர்கள் 2024ல் எழுதியிருக்கிறார்கள். என் கடையில் இதை நான் தொடங்கவே இல்லை.

கல்யாணப் பெண்களுக்குக் கைநிறைய வைக்கும் 'கருப்பு மருதாணி'யும் இப்படித்தான். மருதாணி இலை சிவக்கும், கறுக்காது. பத்து நிமிடத்தில் கறுத்தால் உள்ளே இருப்பது தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. ரசாயனம். தாலி கட்டும் நேரத்தில் கையில் கொப்பளத்தோடு நின்ற பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

முடி கொட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் போர்வெல் தண்ணீரைத்தான் திட்டுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. ஆனால் அந்த ஃபுளோரைடு காவு வாங்கியது எங்கள் தலைமுறையின் பற்களை. சிறு வயதில் பல் உருவாகும்போதே எனாமலில் படிந்த பழுப்புக் கறை, எந்தப் பற்பொடியாலும் போகாது. முடிக்கு வேறு காரணம் தேட வேண்டும். டைபாய்டு, டெங்குக் காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில், பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானே நின்றுவிடும். இரத்தசோகையும் தைராய்டும் இருந்தால் எந்த எண்ணெயும் நிறுத்தாது.

இப்போது உங்களிடம் கேட்பது. அழகு சிகிச்சை விளம்பரத்தை வாங்கும்போது உங்கள் விளம்பரப் பிரிவு மருத்துவரின் பெயரையும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். எம்.டி. தோல் மருத்துவமா, டி.டி.வி.எல். என்ற தோல் மருத்துவ டிப்ளமோவா, அல்லது சில வாரப் பயிற்சி முடித்த 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' சான்றிதழா என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். முடி நடும் அறுவை சிகிச்சையைத் தகுந்த பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. பதிவு எண் உள்ள நிலையம் அதைச் சொல்லத் தயங்காது. லேசர் என்றால் அதன் வகையும் அலைநீளமும், அதை இயக்குகிறவர் யார் என்பதும் நிலையத்தின் வாசலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் உத்தரவிட்டால் பாதி நிலையங்கள் தாமாகவே லேசரை மூடி வைத்துவிடும். என் அக்கா மகள் இப்போது 2022ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில்தான் காட்டிக்கொண்டிருக்கிறாள். செலவு பஸ் டிக்கெட் மட்டும். கறுப்பு மெல்ல மெல்லக் குறைகிறது. இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்ற தகவலும் உங்கள் முழுப்பக்கத்தில் இல்லை.

பெயரில்லாத புட்டிகளை வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தி மாதிரிக்கு விட்டுப்போனவை என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. எதையும் திறக்கவில்லை. உங்கள் கிருஷ்ணகிரி நிருபர் வந்தால் கொடுக்கிறேன், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்து முடிவை வெளியிடுங்கள். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை, அன்று வந்தால் பேச வசதியாக இருக்கும். முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். அதை மட்டும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
அழகு நிலையம் நடத்தும் வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.